வளைந்த கட்டையில் செதுக்கிய வில்: ஐந்து வருட அனுபவம்

ஓசேஜ் ஆரஞ்சு மரத்தில் நானே செதுக்கிய வில்லை ஐந்து வருடமாக எய்து வருகிறேன். வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் ஐம்பது அறுபது அம்பு.

நான் இருப்பது டெக்சாஸின் வடக்கில். இந்த மரத்தின் சொந்த மண்ணே இங்குள்ள ரெட் ஆற்றுப் பக்கம்தான். பழங்குடி மக்கள் இதில் வில் செய்வதைப் பார்த்த பிரெஞ்சுக்காரர்கள் 'புவா தார்க்', அதாவது வில்மரம், என்று பெயர் வைத்தார்கள். உள்ளூர் வாயில் அது 'போடார்க்' ஆகிவிட்டது. முள்கம்பி வருவதற்கு முன் பண்ணைகளுக்கு உயிர்வேலியாக நட்டதும் இதைத்தான். நேராக வளர்கிற மரம் அல்ல. எனக்குக் கிடைத்த கட்டையும் பாம்பு போல நெளிந்து, நுனிகள் இரண்டும் முதுகுப் பக்கமாக, அதாவது எய்யும்போது குறியைப் பார்த்திருக்கும் பக்கமாக, 2 அங்குலம் வளைந்து இருந்தது.

அந்த நெளிவுக்குப் பயந்து கட்டையை ஒதுக்க வேண்டாம். ரம்பம் போட்டு நேராக்கப் பார்த்தால்தான் ஆபத்து. நார் அறுபட்ட இடத்தில் வில் பிளந்துகொள்ளும். நார் போகிற வழியிலேயே வில்லும் போகட்டும். நுனிக்கு நுனி நூல் பிடித்தால் அது கைப்பிடியின் நடுவே போக வேண்டும், அவ்வளவுதான். என் கட்டையின் கீழ்ப்பாதி அதற்கு ஒத்துவரவில்லை. சூடான காற்று வீசும் ஹீட் கன்னால் வயிற்றுப் பக்கம், அதாவது எய்பவரைப் பார்த்திருக்கும் பக்கம், சூடு காட்டி, கிளாம்ப் போட்டு வளைத்து ஆறவிட்டேன்.

முதுகில்தான் வில்லின் உயிர் இருக்கிறது. பட்டைக்கு அடியில் உள்ள வெளிர் மரமான வெள்ளையைச் சீவி எடுத்துவிட்டு, உள்ளே உள்ள முதிர்ந்த மரமான வைரத்தில் ஒரே ஓர் ஆண்டு வளையத்தை நுனி முதல் நுனி வரை அறுபடாமல் காப்பாற்ற வேண்டும். இரண்டு பக்கமும் பிடி உள்ள சீவுகத்தியை இழுக்கும்போது காது கொடுத்தாலே தெரிந்துவிடும். கெட்டியான மரத்தில் சீவல் சத்தமில்லாமல் சுருளாக வரும். வளையங்களுக்கு இடையே உள்ள பொறபொறப்பான அடுக்கைத் தொட்டதும் கரகரவென்று கேட்கும், சீவல் தூளாக உதிரும். அங்கே நிறுத்தி அதைச் சுரண்டினால், அடியில் அடுத்த வளையம் மஞ்சளாகப் பளபளக்கும். இதற்கு மட்டும் எனக்கு மூன்று சனிக்கிழமை போனது. இதற்கு முன் அவசரமாகச் செய்த வில்லில் ஒரு கணுவின் ஓரம் வளையத்தை வெட்டிவிட்டேன். 24 அங்குலம் இழுத்ததுமே அங்கிருந்து சிராய் கிளம்பி முறிந்தது. அதனால் இதில் கணுவைச் சுற்றிக் கொஞ்சம் மேடாகவே விட்டிருக்கிறேன்.

சரி, ஐந்து வருடத்தில் என்ன ஆயிற்று? நாணை 28 அங்குலம் இழுத்துப் பிடிக்க முதலில் 48 பவுண்டு விசை வேண்டியிருந்தது, இப்போது 45. குறைந்ததில் பெரும்பங்கு முதல் ஆறு மாதத்திலேயே குறைந்துவிட்டது. 2 அங்குல முன்வளைவில் முக்கால் அங்குலம் மிச்சம். சூடு காட்டித் திருத்திய இடம் ஈரப்பதம் ஏறிய ஒரு வசந்தத்தில் பழைய கோணலுக்குக் கொஞ்சம் திரும்பியது. மறுபடி திருத்தி அரக்கு பூசினேன், அப்புறம் அசையவில்லை. எலுமிச்சை மஞ்சளாக இருந்த நிறம் வெயில் பட்டுப் பட்டுக் கருப்பட்டிப் பழுப்பாகிவிட்டது.

எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிடுகிறேன். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடக்கூடாது என்பதை, யார் கையில் கொடுத்தாலும் முதலில் சொல்லிவிடுவேன். நான்காம் வருடம் மேல்பாதிக் கணுவுக்குப் பக்கத்தில் மயிரிழை அளவு விரிசல் ஒன்று கண்ணில் பட்டது. குறுக்கே போயிருந்தால் அன்றோடு வில்லை நிறுத்தியிருப்பேன். நாரோடு நீளவாக்கில்தான் ஓடுகிறது. மெல்லிய பசையை உள்ளே இறக்கினேன். இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இன்று வரை அந்தக் கோட்டைத் தாண்டவில்லை.