8 மி.மீ. ரீல் ஸ்கேன்: படம் பிரமாதம், மெருகுதான் வேண்டாம்

அப்பா எடுத்த 8 மி.மீ. ரீல்களில் பாதியை டிஜிட்டலாக்கி வாங்கிவிட்டேன். கடையின் பெயரைச் சொல்லவில்லை. இந்த வேலையை எங்கே கொடுத்தாலும் பார்க்கவேண்டியவை ஒன்றுதான்.

பெட்டியைத் திறந்ததுமே அங்கிருந்தவருக்கு வேலை தெரியும் என்று புரிந்துவிட்டது. ரீலின் நடு ஓட்டையைப் பார்த்தே இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்தார். ஓட்டை சின்னதாக இருந்தால் 1932-இல் கோடக் கொண்டுவந்த பழைய 8 மி.மீ., பெரிதாக இருந்தால் 1965-இல் வந்த சூப்பர் 8. பிலிமின் அகலம் இரண்டுக்கும் ஒன்றுதான். சூப்பர் 8-இல் ஓரத் துளைகளைச் சிறிதாக்கி, படத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடம் கொடுத்தார்கள். ஒன்றுக்கான புரொஜெக்டரில் மற்றதை ஓட்டினால் துளைகள் கிழியும்.

அப்புறம் ஒவ்வொரு ரீலையும் மோந்து பார்த்தார். ஒன்றில் மட்டும் வினிகர் நெடி. அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பிலிம் சிதையத் தொடங்கினால் அசிட்டிக் அமிலம் வெளிவரும். அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். பக்கத்தில் இருக்கும் ரீல்களையும் விடாது. "இதைத் தனியா வைங்க சார், முதல்ல இதைத்தான் போடணும், நாளாக ஆகச் சுருங்கிடும்" என்றார். சுருங்கிய பிலிமில் துளைகளின் இடைவெளி மாறிவிடும் என்பதால் பல்சக்கரத்தில் ஏற்ற முடியாது. இவர்களுடைய இயந்திரத்தில் பல்லே கிடையாது. உருளைகள் பிலிமை மெல்ல நகர்த்த, கேமரா துளை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப் படமாக எடுக்கிறது. வினிகர் ரீலும் கிழியாமல் ஓடி முடிந்தது.

பல வருடங்களுக்கு முன் உறவினர் ஒருவர் இதே ரீல்களைச் சுவரில் ஓட்டி, அதை வீடியோ கேமராவில் பிடித்துத் தந்திருந்தார். படம் முழுக்கத் துடிக்கும், நடுவில் வெளிச்சம் கொட்டும், மூலைகள் இருட்டு. அதில் அம்மா முகம் வெறும் வெள்ளைத் திட்டு. புதிய ஸ்கேனில் அம்மா வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குவது தெரிகிறது. கோடாக்ரோம் என்ற கோடக் கலர் பிலிம் ரீல்களில் சிவப்பும் நீலமும் அப்படியே நிற்கின்றன.

நான் கேட்டுக்கொண்டதால் துளைகளும் ஓரமும் தெரியும்படி அகலமாக ஸ்கேன் செய்தார்கள். இது வெறும் ஆசைக்கு இல்லை. கோடக் பிலிம் ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று குறிகள் இருக்கும். அவை தயாரித்த ஆண்டைச் சொல்லும். ஒரு ரீலில் தவழும் குழந்தை தான்தான் என்று அக்கா வெகுநாளாகச் சாதித்துவந்தாள். குறியைப் பார்த்தால் அக்கா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு தயாரான பிலிம் அது. அந்தக் குறிகள் 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து வாதாடினாள். சரி, 20 ஆண்டு முன்னால் என்றால் அப்பாவே பள்ளிக்கூடப் பையன். குழந்தை நான்தான்.

இனி குறை. "ஹெச்டி இறுதிப் பிரதி" என்று கொடுத்த கோப்பைத் திறந்ததும் எரிச்சல் வந்தது. கிரெயினை, அதாவது பிலிமுக்கே உரிய பொடிப்பொடிப் புள்ளிகளை, துடைத்து எடுத்ததில் எல்லோரும் மெழுகு பொம்மை போல இருந்தார்கள். 4:3 படத்தை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டியதில் உயரத்தில் கால்வாசி காலி. உயரமான சித்தப்பாவுக்குத் தலையே இல்லை. வேகமும் தப்பு. பழைய 8 மி.மீ. வழக்கமாக நொடிக்கு 16 ஃபிரேம். 50 அடி ரீலில் 4,000 ஃபிரேம், அதாவது 4 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். இவர்கள் 24-இல் வைத்ததால் 3 நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்து, தாத்தாகூட ஓட்டமாக ஓடுகிறார்.

கேட்டால், "டிவி முழுக்கப் படம் வரணும்னுதான் எல்லாரும் கேக்கறாங்க" என்றார்கள். இருக்கலாம். ஆனால் கை வைக்காத மூலக் கோப்பைத் தாருங்கள் என்றதும் முகம் சுளிக்காமல் புரோரெஸ் என்ற உயர்தர வீடியோ கோப்புகளாக ஹார்ட் டிஸ்கில் போட்டுத் தந்தார்கள். அதுதான் உண்மையான சரக்கு. மற்றதை நான் மறுபடி திறக்கவே இல்லை.

ஒலியுள்ள சூப்பர் 8 ஒன்றும் இருந்தது. அதில் காந்தப் பட்டையில் உள்ள ஒலி, படத்துக்கு 18 ஃபிரேம் முன்னால் பதிவாகியிருக்கும். உதட்டசைவு பிசகாமல் சேர்த்திருக்கிறார்கள். கேமராவின் கரகரப்பும் கூடவே கேட்கிறது, எனக்குப் பிடித்தது.

இன்னும் நுணுக்கமான 4கே ஸ்கேன் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், நான் மறுத்துவிட்டேன். 5 மி.மீ. அகலம்கூட இல்லாத ஃபிரேம், சாதாரண லென்ஸ், கையில் பிடித்து எடுத்த படம். 1440×1080 பிக்சலில் அதில் உள்ளது அநேகமாக வந்துவிடுகிறது. நல்ல லென்ஸில் ஸ்டாண்டு போட்டு எடுத்த சூப்பர் 8 என்றால் யோசிக்கலாம்.

மீதி ரீல்களையும் அங்கேதான் கொடுக்கப் போகிறேன். அவர்களுடைய படிவத்தில் "மெருகேற்றம்" என்ற கட்டம் முன்கூட்டியே டிக் செய்யப்பட்டு வருகிறது. அதை அடித்துவிட்டு, 4:3, பழைய 8-க்கு 16 ஃபிரேம், சூப்பர் 8-க்கு 18, கிரெயினைத் தொடக்கூடாது, துளை தெரிய வேண்டும் என்று கையால் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் ஸ்கேன் செய்பவர் வரை போய்ச் சேருவதில்லை.