ஃப்ரெட் பிடுங்கும் கொறடு: வாய் தட்டையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்

என் பழைய ஜாஸ் பேஸ் கிட்டாரை ஃப்ரெட்லெஸ் ஆக்க வேண்டும், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் என்ற உலோகக் கம்பிகளை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஆனால் பயம். சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் கிட்டாரைக் கொடுத்து ஃப்ரெட் மாற்றினேன், சூடே காட்டாமல் பிடுங்கியிருக்கிறார்கள், ஃப்ரெட் பதித்திருக்கும் பலகையான ஃபிங்கர்போர்டில் மரம் செதில் செதிலாகப் பெயர்ந்துவிட்டது, அந்த வடு இன்றைக்கும் விரலில் தட்டுப்படுகிறது. அதனால் இந்த முறை நானே செய்வது என்று, இதற்கென்றே விற்கும் சின்னக் கொறடு ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன்.

பார்க்க ஆசாரி ஆணி பிடுங்கும் கொறடு மாதிரியேதான் இருக்கிறது. வித்தியாசம் வாயில். சாதாரணக் கொறடின் விளிம்பு வெளிப்பக்கம் சரிவாக இருக்கும், பலகையோடு ஒட்டி வைத்தாலும் ஃப்ரெட்டின் அடியில் நுழையாது. இதில் முகத்தை மட்டமாகச் சாணை பிடித்திருக்கிறார்கள், கூர் அப்படியே மரத்தை ஒட்டிப் போய் ஃப்ரெட்டின் தலைக்குக் கீழே உட்காருகிறது. வந்ததும் அந்த முகத்தின் மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள், இடையில் வெளிச்சம் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கொறடு நன்றாக இருந்தால் மட்டும் போதாது. ஃப்ரெட்டின் அடியில், மரத்துக்குள் இறங்கியிருக்கும் தகட்டில் சின்னச் சின்ன முட்கள் இருக்கின்றன, மேலே வரும்போது மரத்தைக் கிழிப்பவை அவைதான். சால்டரிங் அயர்னை ஃப்ரெட்டின் மேல் மெதுவாக நகர்த்திச் சூடு காட்டினால் பசை இளகும், மரமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அப்புறம் ஒரு ஓரத்தில் ஆரம்பித்து, அழுத்த மட்டும் செய்ய வேண்டும். இழுக்கக் கூடாது! வாய் மூட மூட ஃப்ரெட் தானாக மேலே எழும்பும், இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்ந்து மறுபடி அழுத்த வேண்டும். முதல் ஃப்ரெட்டுக்கே கால் மணி நேரம் ஆனது, பிறகு கை பழகிவிட்டது.

20 ஃப்ரெட்டில் இரண்டு இடத்தில்தான் செதில் எழும்பியது. தொலைக்காமல் அதே இடத்தில் வைத்து, தண்ணீர் மாதிரி இருக்கும் சூப்பர் க்ளூவை ஒரு சொட்டு விட்டேன், இப்போது எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. என் ஃபிங்கர்போர்டு ரோஸ்வுட் மரம். கருங்காலி இன்னும் எளிதில் உதிரும். வார்னிஷ் அடித்த மேப்பிள் என்றால் முதலில் ஃப்ரெட்டின் இரு பக்கமும் பிளேடால் கீறிவிட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சு பாளமாகப் பெயரும். 1960களில் ஃபெண்டர் கம்பெனி செய்த கிட்டார் கழுத்து யாரிடமாவது இருந்தால் இந்தக் கொறடை எடுக்கவே வேண்டாம், அவற்றில் ஃப்ரெட்டைப் பக்கவாட்டில் செலுத்தியிருப்பார்கள், வெளியே எடுப்பதும் அந்த வழியில்தான்.

குறை என்றால் கைப்பிடி. குட்டை, பத்தாவது ஃப்ரெட்டிலேயே உள்ளங்கை வலித்தது. இன்னொன்று, சாணை பிடித்ததில் விளிம்பு மெலிந்துவிட்டதால் இதை வைத்து எதையும் வெட்ட முடியாது. நான் ஒரே ஒரு தந்தியை வெட்டினேன், விளிம்பில் பல் விழுந்துவிட்டது. தந்தி வெட்ட வேறு பிளையர் வைத்துக்கொள்ளுங்கள்.