மலை ஏறும்போது இன்ஜின் போய்விட்டால்: செலவு செய்யலாமா, விற்றுத் தள்ளிவிடலாமா?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் சாலையில், கல்லாறு தாண்டி பர்லியாறு வரும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடும். குன்னூர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மிதிப்பார்கள். ரிப்பேர் செலவு பல மடங்காவது அந்தக் கொஞ்ச தூரத்தில்தான். வெறும் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரும் ரப்பர் தேய்ந்து அழுத்தம் தாங்காத மூடியும் என்றால் இன்னும் மோசம். 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் அழுத்தம் இல்லாத தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும். இன்ஜின் வழக்கமாக ஓடும் சூடே ஏறக்குறைய அதுதான். தண்ணீர் வற்றியதும் சென்சார் நீராவியில் நிற்பதால் முள் கீழே இறங்கவும் செய்யும். ஆறிவிட்டது என்று நம்பக்கூடாது.

நின்றபின் செல்ஃப் அடிக்காதீர்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. பிளக்கைக் கழற்றி, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் சேதம் ஹெட்டோடு (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) நின்றிருக்க வாய்ப்புண்டு. ஆனாலும் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றாமல் விலை பேசக்கூடாது. ஆயிலில் உலோகத் துகள் மினுமினுத்தால் கிராங்க்கைத் தாங்கும் பேரிங் போய்விட்டது.

ஹெட் மட்டும் என்றால் பெரும்பாலும் செய்யலாம். முதலில் விரிசலுக்கு பிரஷர் டெஸ்ட், பிறகுதான் ஃபேஸிங் (பரப்பைச் சீவிச் சமப்படுத்துவது). நேர்கோல் வைத்து ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) பார்த்தால் பல இன்ஜின்களுக்கு 0.05 மி.மீ. வளைவே எல்லை. கம்பெனி சொன்ன குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே சீவினால் ஹெட் குப்பைக்குத்தான். மலையில் பார்க்கும் இரண்டாவது தோல்விக்குப் பெரும்பாலும் ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கெட் காரணமில்லை: பழைய ஹெட் போல்ட்டையே முறுக்கியிருப்பார்கள், அடைத்த ரேடியேட்டரை அப்படியே விட்டிருப்பார்கள். தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், மூடி மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கிராங்க் கீறியிருந்தால் கணக்கே வேறு. 0.25 மி.மீ. கிரைண்டிங், போரிங், பிஸ்டன், ரிங் என்று நீளும். ஆயில் துளைகளையும் ஸ்ட்ரெய்னரையும் கழுவாமல் பூட்டினால் புது பேரிங்கும் சீக்கிரம் போகும். ஹாஃப் இன்ஜின் (ஹெட் இல்லாமல், பிளாக், கிராங்க், பிஸ்டன் சேர்ந்த கீழ்ப்பாதி) கிடைத்தால் அதுவே மேல். பிளாக் மாறினால் இன்ஜின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்றியாக வேண்டும். சாதாரண இன்சூரன்ஸ் மெக்கானிக்கல் கோளாறுக்குப் பணம் தராது.

ஓடும் நிலையில் வண்டி இரண்டரை லட்சம், செத்த நிலையில் எண்பதாயிரம் போகும் என்று வையுங்கள். இடைவெளி 1,70,000. ஹெட் வேலை அறுபதாயிரம் என்றால் தயங்க வேண்டாம். முழு ஓவர்ஹால் ஒன்றரை லட்சம் என்றால் மிஞ்சுவது இருபதாயிரம்தான், விற்றுத் தள்ளிவிடுங்கள். செலவு செய்யும் முன் வண்டிக்குள் தரைவிரிப்பைத் தூக்கித் தரைத்தகட்டைத் தட்டிப் பாருங்கள். நீலகிரி ஈரத்தில் துரு அரித்த பாடிக்கு நல்ல இன்ஜின் வீண்.

ஓவர்ஹால் செய்தால் முதல் 1,000 கி.மீ.யில் ஆயில் மாற்றுங்கள். அதுவரை ஏற்றத்தில் மேல் கியரில் இழுக்கவிடாமல் கீழ் கியருக்கு வாருங்கள். 5,000 கி.மீ. கடந்தும் ஆயிரத்துக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தால் ரிங் அமரவில்லை. வாரன்டி முடியும் முன் லேத்காரரிடமே வண்டியைக் கொண்டு போய் நிறுத்துங்கள்.