ஸ்விஃப்ட், ஐ20 என் லைன், போலோ டிஎஸ்ஐ: ஓட்டும் சுகமும் பெட்ரோல் கணக்கும்

ஓட்டுவதற்கு விறுவிறுப்பாக இருக்க வேண்டும், மாதக் கடைசியில் பெட்ரோல் செலவும் கையைக் கடிக்கக் கூடாது. நாலு மீட்டர் நீளத்துக்குள் இந்த இரண்டையும் கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று வண்டிகளில்தான் வந்து நிற்கிறார்கள்: மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ20 என் லைன், பழைய வண்டிச் சந்தையில் ஃபோக்ஸ்வாகன் போலோ 1.0 டிஎஸ்ஐ. மூன்றும் பெட்ரோல், மூன்றும் ஹேட்ச்பேக். ஆனால் மைலேஜ் கிடைக்கும் வழி மூன்றிலும் ஒன்றல்ல. அது புரியாமல் விளம்பர எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் ஆறே மாதத்தில் மனம் கசந்துவிடும்.

முதலில் எந்த மாடல் என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஸ்விஃப்டில் இரண்டு உண்டு. 2021 பிப்ரவரியில் வந்த நான்கு சிலிண்டர் 1.2 டூயல்ஜெட் 90 பிஎஸ் (சக்தி), 113 என்எம் (இழுவை). அரசுச் சோதனையில் மேனுவலுக்கு லிட்டருக்கு 23.2 கி.மீ. 2024 மே மாதம் வந்த புதிய ஸ்விஃப்ட் மூன்று சிலிண்டர், சுமார் 82 பிஎஸ், 112 என்எம். சோதனை எண் 24.8. என் லைன் 2021இல் வந்தது. 998 சிசி டர்போ, 120 பிஎஸ், 172 என்எம், சோதனை எண் 20ஐ ஒட்டி. முதலில் கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி கியர்பாக்ஸுடன் வந்தது. 2023 செப்டம்பர் மாற்றத்தில்தான் முறையான ஆறு கியர் மேனுவல் கிடைத்தது. போலோ 1.0 டிஎஸ்ஐ 2020 முதல் 2022 வரை மட்டும் விற்றது. 110 பிஎஸ், 175 என்எம், மேனுவலுக்கு 18.24, ஆட்டோமேட்டிக்குக்கு 16.47.

எடையா, டர்போவா

ஸ்விஃப்டின் ரகசியம் எடை. வண்டி 900 கிலோவைச் சுற்றித்தான். போலோ டிஎஸ்ஐ அதைவிட ஏறத்தாழ 150 கிலோ கூடுதல். நகரத்தில் ஒவ்வொரு சிக்னலிலும் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவதற்குத்தான் பெட்ரோல் கரைகிறது. தூக்க வேண்டிய எடை குறைவென்றால் யார் ஓட்டினாலும் செலவு ஓரளவுக்கு மேல் ஏறாது. கால் கொஞ்சம் அழுத்தமானவர் ஓட்டினாலும் ஸ்விஃப்ட் நகரத்தில் 14, 15 கொடுத்துவிடும்.

டர்போ அப்படியல்ல. சின்ன எஞ்சினில் காற்றை அழுத்தி நுழைத்துப் பெரிய எஞ்சினின் இழுவையைத் தருவது அதன் வேலை. சீரான வேகத்தில் போகும்போது அது வெறும் ஒரு லிட்டர் எஞ்சின், அதனால் சிக்கனம். ஆக்ஸிலரேட்டரை மிதித்து பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், ஏறியதும் உள்ளே போகும் காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலும் போகும். முழுச் சுமையில் வெப்பத்தைக் குறைக்கவே கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கும்படி கணினி அமைக்கப்பட்டிருக்கும். என் லைனும் போலோவும் ஒரே ஆள் கையில் ஒரு வாரம் 18, அடுத்த வாரம் 11 என்று காட்டுவது இதனால்தான். பழுதென்று நினைத்து ஷோரூமுக்கு ஓட வேண்டியதில்லை.

நடைமுறையில் மேனுவல் ஸ்விஃப்டுக்கு நகரத்தில் 15, நெடுஞ்சாலையில் 21 என்று வைக்கலாம். என் லைன் மேனுவலுக்கு 12, 18. போலோ மேனுவலும் கிட்டத்தட்ட அதே. 90, 100 கி.மீ. வேகத்தில் நிதானமாகப் போனால் இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கும். மாதம் 1,000 கி.மீ., அதில் 700 நகரத்துக்குள் என்றால் ஸ்விஃப்ட் சுமார் 61 லிட்டர் குடிக்கும், என் லைன் 75. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,400 ரூபாய் வித்தியாசம். அதே 1,000 கி.மீ.யில் 700 நெடுஞ்சாலை என்றால் 53க்கு 64 லிட்டர், வித்தியாசம் 1,100க்குள் வந்துவிடும். பணமாகப் பார்த்தால் எப்போதும் ஸ்விஃப்டுக்கே லாபம். ஆனால் அந்த 1,400 ரூபாயை அண்ணா சாலை நெரிசலில் கொடுப்பவருக்கு அந்த டர்போவால் ஒரு பயனும் இல்லை. திருச்சி, மதுரை என்று வாரம் தவறாமல் ஓடுபவர் கொடுக்கும் 1,100க்கு லாரியைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பலன் கிடைக்கிறது. வண்டியைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. இ10இலிருந்து இ20க்கு மாறினாலே ஒரு லிட்டரில் உள்ள ஆற்றல் சுமார் 3.5 சதவீதம் குறைகிறது. போலோவும் 2023 ஏப்ரலுக்கு முந்தைய ஸ்விஃப்ட், என் லைன் வண்டிகளும் இ20 வழக்கமாவதற்கு முன் வந்தவை. பழைய உரிமையாளர் சொல்லும் மைலேஜை இன்றைய பம்புக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். டேஷ்போர்டு காட்டும் எண்ணையும் முழுதாக நம்ப வேண்டாம். ஒரே பம்பில் தானாக நிற்கும் வரை நிரப்பி, குறைந்தது 400 கி.மீ. ஓட்டி, மறுபடி அதே இடத்தில் தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓடிய தூரத்தை ஏறிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உண்மை.

சாலையில் எது எப்படி

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றின் குணமும் தெரிந்துவிடும். ஸ்விஃப்டின் முழு இழுவை 4,300, 4,400 ஆர்பிஎம்மில்தான் (நிமிடத்துக்கு எஞ்சின் சுழலும் எண்ணிக்கை) வருகிறது. இரண்டாம் கியரில் எஞ்சினைச் சுழல விட்டால் உற்சாகமாக ஏறும். 2,000த்துக்குக் கீழே விட்டால் முனகும். நாலு பேரும் பெட்டிகளும் ஏசியும் இருந்தால் கூர்மையான வளைவில் முதல் கியருக்கே இறங்க வேண்டி வரும். என் லைனில் 172 என்எம் 1,500 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடுவதால் இரண்டாம் கியரிலேயே பெரும்பாலான வளைவுகள் முடிந்துவிடும். போலோவில் 1,800க்குக் கீழே ஒரு வெறுமை இருக்கிறது. வளைவில் வேகம் செத்து ஆர்பிஎம் விழுந்துவிட்டால் ஒரு கணம் ஒன்றுமே நடக்காது, பிறகு மொத்தமாகப் பாயும். அந்த வண்டிக்கு வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடும் பழக்கம் வேண்டும்.

நெடுஞ்சாலையில் போலோவுக்கு இணை இல்லை. 100க்கு மேல் போகப் போக அது சாலையைப் பிடித்துக்கொள்ளும் விதமும் ஸ்டீயரிங்கின் கனமும் இன்னும் பெரிய வண்டிகளில் கிடைப்பவை. என் லைன் அதற்கு அடுத்து. சாதாரண ஐ20ஐவிட சஸ்பென்ஷன் இறுக்கம், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். மற்ற இரண்டிலும் பின்னால் டிரம்தான். ஸ்விஃப்டின் எடைக் குறைவு இங்கே அதற்கே எதிராகத் திரும்புகிறது. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் வழியில் முப்பந்தல், ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது ஸ்விஃப்டை இரண்டு கையாலும் பிடித்து 80க்குள் போவதே சரி.

ஆனால் கோயம்புத்தூர் குறுக்குத் தெருக்களிலும் சின்ன ஊர்ச் சாலைகளிலும் ஸ்விஃப்ட் தரும் சுறுசுறுப்பு மற்ற இரண்டிலும் இல்லை. இதில் பழைய நான்கு சிலிண்டர்தான் என் தேர்வு. 4,000த்துக்கு மேல் அது தயங்காமல் சுழலும் விதம் புதிய மூன்று சிலிண்டரில் இல்லை. நின்றிருக்கும்போது லேசான நடுக்கமும் தெரியும். பாதுகாப்பு முக்கியம் என்றால் கணக்கு மாறும். புதிய ஸ்விஃப்டில் எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக். பழையது 2022 குளோபல் என்கேப் மோதல் சோதனையில், புதிய கடுமையான விதிகளின்கீழ், ஒரே நட்சத்திரம்தான் வாங்கியது. அதே ஆண்டு ஐ20 முந்தைய எளிதான விதிகளின்கீழ் மூன்று நட்சத்திரம் பெற்றது. 2023 மாற்றத்துக்குப் பிறகு அதிலும் ஆறு ஏர்பேக். போலோவின் நான்கு நட்சத்திரமும் 2014இல், அந்த எளிதான விதிகளின்கீழ் வாங்கியதுதான். ஸ்விஃப்டோடு நேராக ஒப்பிட முடியாது.

ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் தனியாக யோசிக்க வேண்டும். ஸ்விஃப்டின் ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸையே தானாக இயக்கும் வகை) சிக்கனம்தான், ஆனால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் தலை முன்னே சாயும். விறுவிறுப்பைத் தேடி வருபவருக்கு அது ஏற்றதல்ல. என் லைனின் ஏழு கியர் டிசிடி, அதாவது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக், திறந்த சாலையில் அற்புதம். ஆனால் அதில் இருப்பது எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் கிளட்ச் பாதி பிடித்தபடியே தேய்ந்து சூடாகும். முன்னால் ஒரு கார் நீளம் இடைவெளி விட்டு, பிரேக்கை முழுவதும் விட்டு நகர்ந்து, பிறகு முழுவதும் நிறுத்துங்கள். மேட்டில் பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரிலேயே வண்டியைத் தாங்கிப் பிடிப்பது கிளட்சைக் கொல்லும் வேலை. 2020 முதல் வந்த போலோ ஆட்டோமேட்டிக், கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியே இழுவையைக் கடத்தும் சாதாரண டார்க் கன்வர்ட்டர். மைலேஜ் குறைவு, ஆயுள் அதிகம். அதற்கு முந்தைய போலோ ஜிடி டிஎஸ்ஐயில் இருந்த ஏழு கியர் டிஎஸ்ஜியை (அதுவும் இரட்டை கிளட்ச்தான்), கியரை இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் பாகத்தை மாற்றிய பில் கையில் இல்லாமல் வாங்க வேண்டாம்.

பராமரிப்பில் எங்கே பணம் போகும்

ஸ்விஃப்டில் பெரிதாக ஒன்றுமில்லை. 0டபிள்யூ-16 என்ற மெல்லிய ஆயில் கேட்கும் எஞ்சின் அது. பழக்கத்தில் மெக்கானிக் கெட்டியான ஆயிலை ஊற்றினால் மைலேஜ் குறையும். சிக்னலில் தானாக அணையும் வசதி உள்ளதால் அதற்கேற்ற பேட்டரியே போட வேண்டும். மலிவான சாதாரண பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும்.

டர்போ இரண்டுக்கும் ஒரு பொது எச்சரிக்கை. ஐந்தாம் கியரில் 1,300 ஆர்பிஎம்மில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுப்பது மைலேஜுக்கான உத்தி அல்ல. நேரடி எரிபொருள் தெளிப்புள்ள சின்ன டர்போ எஞ்சின்களில் அந்த நிலையில்தான் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனைச் சேதப்படுத்தும். ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள். ஆயில் ஏபிஐ எஸ்பி தரத்தில் (டப்பாவிலேயே எழுதியிருக்கும்) இருக்கட்டும். இந்தச் சிக்கலைக் குறைக்கவும் அந்தத் தரத்தில் சோதனை உண்டு. நேரடித் தெளிப்பால் இன்டேக் வால்வைப் பெட்ரோல் கழுவாது, நாளடைவில் கரி படியும். நகரத்துக்குள் மட்டும் குட்டிக் குட்டி தூரம் ஓடும் வண்டியில் இது விரைவில் வரும்.

போலோவில் டைமிங் பெல்ட், என் லைனில் செயின். பெல்ட்டை நிறுவனம் சொன்ன இடைவெளியில் பார்த்து மாற்ற வேண்டும், அறுந்தால் வால்வுகள் போய்விடும். போலோவில் கூலன்ட் கசிவையும் கவனியுங்கள்: எஞ்சின் பக்கவாட்டில் உள்ள தெர்மோஸ்டாட் பெட்டி பிளாஸ்டிக்; அங்கே காய்ந்த இளஞ்சிவப்புத் தடம் தெரிந்தால் விலை பேசும்போது சொல்லுங்கள். டப்பாவில் பச்சைக் கூலன்ட் இருந்தால் யாரோ எதையோ கலந்திருக்கிறார்கள். முன் லோயர் ஆர்ம் புஷ், கதவுப் பூட்டு மோட்டார் இரண்டும் அடிக்கடி போகும் பாகங்கள். உங்கள் ஊரில் ஸ்கேனர் வைத்து ஃபோக்ஸ்வாகன் பார்க்கும் தனி மெக்கானிக் இல்லையென்றால் போலோவை விட்டுவிடுங்கள், எவ்வளவு ஆசை இருந்தாலும்.

ஸ்விஃப்டுக்குப் பெரிய சக்கரம் போட நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். மேல் மாடலின் 185/65 ஆர்15 டயரும் என் லைனின் 195/55 ஆர்16 டயரும் மொத்த விட்டத்தில் ஒன்றே, 621 மி.மீ. அதனால் ஸ்பீடோமீட்டர் தவறாது. ஆனால் ரப்பர் உயரம் 13 மி.மீ. குறையும், சக்கர எடை கூடும், பள்ளத்தில் ரிம் வளையும். பிடிப்பு மட்டும் போதுமென்றால் பழைய ரிம்மிலேயே நல்ல 195/60 ஆர்15 டயர் போடுவது மலிவு. விட்டத்தில் ஒரு சதவீதம்தான் குறையும். கீழ் மாடலின் 165/80 ஆர்14 டயரோடு வேகமாக வளைய வேண்டாம்.

நகர ஓட்டம் அதிகம் என்றால் நான்கு சிலிண்டர் ஸ்விஃப்ட் மேனுவல், குடும்பத்தோடு ஓடுவதென்றால் ஆறு ஏர்பேக் உள்ள புதியது. நெடுஞ்சாலை அதிகம், வாரண்டியும் வேண்டும் என்றால் 2023க்குப் பிந்தைய என் லைன் மேனுவல். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் வண்டி. போலோ வாங்கப் போனால் எஞ்சின் ஆறியிருக்கும் காலையில் போய்ப் பாருங்கள். ஸ்டார்ட் செய்ததும் வரும் சத்தத்தைக் கேளுங்கள், மூன்றாம் கியரில் 1,500இலிருந்து 4,000 வரை ஒரே மிதியில் இழுத்துப் பாருங்கள். நடுவில் தடுமாறினால் இக்னிஷன் காயில், பிளக், பூஸ்ட் குழாய் மூன்றையும் சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.