பிஸ்ஹார்னா, பிரைட்ஹார்னா?

சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில் 'சுலபமான நாலாயிரம்', அதாவது எளிதாக ஏறக்கூடிய நாலாயிரம் மீட்டர் சிகரம் என்றால் இந்த இரண்டு பெயர்களும் கட்டாயம் காதில் விழும். பிரைட்ஹார்ன் 4,164 மீட்டர், பிஸ்ஹார்ன் 4,153. உயரத்தில் வித்தியாசமே இல்லை. உழைப்பில்தான் மலைக்கும் மடுவுக்கும்.

பிரைட்ஹார்னுக்கு செர்மாட்டிலிருந்து கேபிள் காரே 3,883 மீட்டர் வரை தூக்கிவிடும். மிச்ச உயரம் முந்நூறு மீட்டருக்கும் குறைவுதான். மதியச் சாப்பாட்டுக்கு ஊர் திரும்பிவிடலாம். கூட்டமும் அப்படித்தான்.

பிஸ்ஹார்ன் வேறு ரகம். 1,675 மீட்டரில் இருக்கும் சினால் கிராமத்தில் நடக்கத் தொடங்கினால், 3,256 மீட்டரில் உள்ள திராக்வி குடிலை அடைவதற்குள் முழங்கால் பேசத் தொடங்கிவிடும். அங்கே இரவு தங்கி, விடியுமுன் தலைவிளக்கோடு டுர்ட்மன் பனியாற்றில் இறங்க வேண்டும். சரிவு மெதுவானது, ஆனால் முடிவதாகத் தெரியாது. உச்சிக்குச் சற்று முன்புதான் செங்குத்து. ஏறி நின்றால் வைஸ்ஹார்ன் சிகரம் முகத்துக்கு நேரே!

என் ஓட்டு பிஸ்ஹார்னுக்கு. குடிலில் தூங்கும் இரவு உடம்பை உயரத்துக்குப் பழக்கும். கேபிள் காரில் போனால் அந்த வாய்ப்பில்லை, தலைவலிதான். பனிப்பிளவுகள் இரண்டிலும் உண்டு, கயிறில்லாமல் போகாதீர்கள்.