பழைய காருக்கு மலிவு மல்டிமீட்டர் போதுமா?

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருப் பக்கம் எலக்ட்ரோனிக் சாமான் கடைகளில், வோல்ட், கரண்ட், தடை அளக்கிற டிடி-830டி என்ற மல்டிமீட்டரைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். கையில் எடுத்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். பழைய கார் வைத்திருப்பவருக்கு இது காணுமா என்றால், ஸ்டார்ட்டிங் பிரச்சினைக்குத் தாராளமாகக் காணும். எங்கே வைத்து அளப்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என்னுடையது 1985 டொயோட்டா டிஎக்ஸ் வேகன். நிற்பது வெள்ளவத்தையில், மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில். கடல் காற்று கேற்றையும் ஜன்னல் கம்பியையும் தின்கிற இடத்தில் காரை மட்டும் விடுமா? விற்றுவிட்டுப் புதிது எடுக்கச் சொல்லாதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 இல் மறுபடி திறந்துவிட்டார்கள் என்பது சரி, விலையைக் கேட்டீர்களா?

திறப்பைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. சில காலைகளில் என்ஜின் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றும். பற்றரிக் கடை ஒன்றில் பற்றரி முடிந்துவிட்டது என்றார்கள். ஒரு கராஜில் என்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டாட்டர் மோட்டரையே மாற்றச் சொன்னார்கள். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் ஒன்று எடுத்துத் தரவும் தயாராக இருந்தார்கள். இரண்டு இடத்திலும் எதையும் அளந்து பார்க்கவில்லை. மீட்டர் வாங்கியது அதனால்தான்.

முதலில் பற்றரி. கார் இரவு முழுக்க நின்ற பிறகு டிசி 20 வோல்ட் ரேஞ்சில் அளந்தால், நல்ல சார்ஜில் உள்ள பற்றரி 12.6 காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டுவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். என்னுடையது 12.5. ஆனால் சும்மா நிற்கும்போது எந்தப் பற்றரியும் நல்ல பிள்ளைதான், ஸ்டாட்டர் இழுக்கும்போதுதான் குணம் தெரியும். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுத் தம்பியைத் திறப்பைத் திருப்பச் சொன்னேன். 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றரியைச் சந்தேகிக்கலாம். இது 11.5 இல் நின்றது.

“அண்ணை, அப்ப பற்றரி நல்லம்தானே?” என்றான் தம்பி. நல்லம்தான். கரண்ட் போகிற வழியில்தான் எங்கேயோ அடைப்பு.

இந்த அடைப்பை ஓம் ரேஞ்சில் தேடிப் பிரயோசனமில்லை. மீட்டரின் இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று முட்டினாலே அது அரை ஓம் அளவுக்குக் காட்டும். ஸ்டாட்டர் நூறு அம்பியருக்கு மேல் இழுக்கிற சாமான், வழியில் 0.02 ஓம் தடை இருந்தாலே 2 வோல்டுக்கு மேல் அங்கேயே போய்விடும். அவ்வளவு சின்னத் தடையை இந்த மீட்டருக்குத் தெரியாது. அங்கே தொலைகிற வோல்டேஜை வடிவாகத் தெரியும். அதனால் ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவ் தூணிலேயே வைத்தேன், அதில் கேபிளைப் பிடிக்கும் கிளாம்பில் அல்ல. மற்றதை என்ஜின் பிளாக்கில் சுத்தமான இரும்பில் வைத்துத் திறப்பைத் திருப்பச் சொன்னால், நல்ல காரில் 0.2க்குள் இருக்க வேண்டியது 2.3 காட்டியது. அப்புறம் முனையை ஒவ்வொரு இடமாக நகர்த்தினேன். தூணுக்கும் கிளாம்புக்கும் இடையில் ஒன்றுமில்லை, கேபிளிலும் பெரிதாக இல்லை. அந்த ஏர்த் கேபிளின் லக்குக்கும் (நுனியில் போல்ட் போடும் வளையம்) பிளாக்குக்கும் இடையில்தான் கிட்டத்தட்ட முழுதும்.

பற்றரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு அந்த போல்ட்டைத் திறந்தேன். மேலே பார்க்க ஒரு குறையும் இல்லை. லக்கின் அடிப்பக்கத்தில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பிடித்திருந்தது, பிளாக்கில் லக் இருந்த இடத்தில் வட்டமாகத் துரு. சாண்ட் பேப்பரால் பளபளவென்று தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கிரீஸ் பூசினேன். திரும்ப அளந்தால் 0.1. பழைய ஸ்டாட்டரேதான், இப்போது சுள்ளென்று சுற்றுகிறது.

பொசிட்டிவ் பக்கத்தையும் இதே மாதிரிப் பற்றரியிலிருந்து ஸ்டாட்டரின் பெரிய போல்ட் வரை பார்க்கலாம், அங்கே 0.5 வரை பொறுக்கலாம். ‘டக்’ சத்தமே இல்லையென்றால், திறப்பைத் திருப்பும்போது ஸ்டாட்டருக்கு வரும் சின்ன வயரில் 12க்குக் கிட்ட வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் திறப்பு சுவிட்ச், வயரிங் பக்கம் போங்கள். ஸ்டார்ட் ஆன பிறகு பற்றரியில் 13.8 முதல் 14.5 வரை இருந்தால் பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஒல்டர்னேட்டர் வேலை செய்கிறது.

இனி குறைகள். கம்பிகள் மெல்லியவை, பிடித்து இழுத்தால் முனையிலிருந்து கழன்றுவிடும். முதலைக் கிளிப் தனியாக வாங்குங்கள். இல்லாவிட்டால் பொனட்டுக்குள் இரண்டு கை போதாது. திரையில் வெளிச்சம் இல்லை, காட்டியதை நிறுத்தி வைக்கும் பட்டனும் இல்லை, எண் மாறுவதும் மெதுவாக. தானாக நிற்காது, திருகி அணைக்க மறந்தால் 9 வோல்ட் பற்றரி தீர்ந்துவிடும். அது தீரும் தறுவாயில் மீட்டர் பிழையாகக் காட்டும், பெரும்பாலும் கூட்டியே காட்டும்.

10 அம்பியர் என்று எழுதிய துளைக்கு உள்ளே ஃபியூஸ் இல்லை. ஸ்டாட்டரின் கரண்டை அதில் அளக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், கம்பி கையிலேயே எரியும். வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டர் வாங்குவதென்றால் டிசி கரண்ட் அளக்கிறதா என்று பாருங்கள், மலிவானவை பல ஏசி மட்டும்தான். இந்த மீட்டரில் 750 வோல்ட் ஏசி என்று போட்டிருக்கிறது. ஆனாலும் வீட்டு 230 வோல்ட் பிளக்கில் நான் இதைக் குத்தமாட்டேன்.

என்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றாமல் இருந்தால் பிரச்சினை பெற்றோலிலோ ஸ்பார்க்கிலோ இருக்கும். அதில் இந்த மீட்டர் கொஞ்சத் தூரம்தான் வரும். வாங்கும்போது கடையிலேயே இரண்டு முனையையும் முட்டி பசர் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள், ஒரு புது 9 வோல்ட் பற்றரியையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். எண் ஆடிக்கொண்டே இருந்தால் வேறொன்றை எடுங்கள்.