1964 எம்ஜிபி ரோட்ஸ்டர்: அதன் காலத்துத் தோற்றத்திலேயே மீட்டு, பல வருடம் ஓட்டிய அனுபவம்

பழைய ஸ்போர்ட்ஸ் காரை மீட்டு முடித்த கையோடு எழுதினால் எல்லாமே அருமையாகத்தான் தெரியும். வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் ஓட்டிய பிறகுதான் எந்த முடிவு சரி, எது வெறும் பளபளப்பு என்று புரிகிறது, அதனால் இப்போது எழுதுகிறேன்.

எம்ஜிபி என்பது பிரிட்டனின் எம்ஜி நிறுவனம் செய்த, மேற்கூரை திறக்கும் இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். என்னுடையது அதன் ஆரம்ப கால வண்டி. 1798 சிசி எஞ்சின், எஸ்யூ என்ற பிராண்டின் இரண்டு கார்பரேட்டர், இழுத்துத் திறக்கும் கதவுக் கைப்பிடி, மூன்று மெயின் பேரிங் மட்டுமே தாங்கும் கிராங்க் (எஞ்சினின் முக்கியச் சுழல் தண்டு). 1964 கடைசியில் ஐந்து பேரிங்குக்கு மாற்றிவிட்டார்கள். நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: கண்ணில் படுகிற இடமெல்லாம் 1964 ஆகவே இருக்க வேண்டும், கண்ணில் படாத இடத்தில் வண்டிக்கும் ஓட்டுகிறவருக்கும் எது நல்லதோ அது.

முதலில் செய்த வேலை சான்றிதழ் வாங்கியது. இங்கிலாந்தில் கேய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்குக் வண்டியில் தொழிற்சாலை இட்ட கார் எண்ணைக் கொடுத்தால், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து எந்தத் தேதியில் தயாரானது, என்ன நிறம், என்னென்ன கூடுதல் வசதிகளோடு வெளியே போனது என்று எழுதித் தருகிறார்கள். என் கைக்கு வந்தபோது வண்டி சிவப்பு. பதிவேட்டில் ஓல்ட் இங்கிலிஷ் ஒயிட். சிவப்பில் அழகாகத்தான் இருந்தது, ஆனாலும் யோசிக்காமல் வெள்ளைக்குத் திரும்பினேன்.

பெயின்ட்டில்தான் பெரும்பாலான மீட்பு வண்டிகள் காட்டிக்கொடுக்கின்றன. இப்போதெல்லாம் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு அடிப்பது வழக்கம், அது தண்ணீர் ஊற்றியதுபோல எப்போதும் மின்னும். அந்தக் காலத்து வண்டிகளில் கிளியர் கோட் கிடையாது, நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. நானும் கிளியர் இல்லாத ஒற்றைப் பூச்சாக அடித்து, நன்றாக உலரவிட்டு, மென்மையாகத் தேய்த்து பாலிஷ் போட்டேன். மினுமினுப்பு கொஞ்சம் குறைவு, ஆனால் வெயிலில் பார்க்கும்போது அந்த வெள்ளையில் ஒரு இதம் இருக்கிறது. கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டு பாலிஷ் செய்துவிடலாம் என்பது ஓட்ட ஆரம்பித்த பிறகு தெரிந்த பெரிய வசதி.

டிங்கரிங் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எம்ஜிபிக்குத் தனி சேசிஸ் (பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது, கதவுக்குக் கீழே ஓடும் சில் தான் முதுகெலும்பு. அதில் துரு பிடித்திருந்தால் மேலே பட்டி பார்த்து மூடுவது ஆபத்து. சில்லை வெட்டும் முன் கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வைத்துப் பிணைக்காவிட்டால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் கதவு ஒருநாளும் சரியாகப் பொருந்தாது. வெல்டிங் முடிந்ததும் உட்குழிகளுக்குள் மெழுகு அடித்தோம், இன்றுவரை உள்ளே துரு இல்லை.

சக்கரத்துக்கு வருகிறேன். பலரும் குரோம் பூசிய 72 ஸ்போக் சக்கரம் போட்டுவிடுகிறார்கள். என் கண்ணுக்கு வெள்ளி பெயின்ட் அடித்த 60 ஸ்போக் சக்கரம்தான் இந்த வண்டிக்குப் பொருத்தம், எளிமையாக இருக்கிறது, சுத்தம் செய்வதும் சுலபம். உள்ளே டியூப் கட்டாயம். சக்கரம் மாட்டும் ஹப்பின் பற்களில் கிரீஸ் காய்ந்தால் தேய்மானம் வேகமாக வரும், கழற்றும் ஒவ்வொரு முறையும் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். டயர் 165 ஆர் 14, பழைய பட்டன் வடிவத்திலேயே இன்றும் தயாராகும் பிரெல்லி சின்டுராட்டோ. இதைவிட அகலமாகப் போட்டால் தோற்றமும் கெடும், பார்க் செய்யும்போது ஸ்டியரிங்கும் கனக்கும்.

பானெட்டைத் திறந்தால் அடர்ந்த மெரூன் நிற எஞ்சின், துணி பின்னல் சுற்றிய ஒயரிங், மின்சாரம் தரும் டைனமோ, சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி, பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியோடு இணைக்கும் பழைய முறை). எல்லாம் அப்படியே. ஆனால் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள், பாயின்ட் எனும் பழைய தொடுமுனைக்குப் பதில் பாசிட்டிவ் எர்த்துக்கு ஏற்ற எலக்ட்ரானிக் இக்னிஷன் இருக்கிறது, வெளியிலிருந்து தெரியாது. குளிர்ந்த காலையிலும் உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஹெட்லைட்டில் பழைய தோற்றமுள்ள கண்ணாடிக்குப் பின்னால் ஹாலஜன், மறைவாக ரிலே (சுவிட்சுக்குப் பதில் அதிக மின்சாரத்தைத் தாங்கும் பாகம்). டைனமோ தருவதே 22 ஆம்பியர்தான் என்பதால் இதற்கு மேல் மின்சுமை ஏற்ற மாட்டேன். ஈயமில்லாத பெட்ரோலுக்காக சிலிண்டர் ஹெட்டில் கடினமான எக்ஸாஸ்ட் வால்வு சீட் போட்டாயிற்று, எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும் என்பதால் எரிபொருள் ஹோஸ் எல்லாம் புதிய ரகம். போல்ட் விஷயத்திலும் பிடிவாதமாக இருந்தேன். தலையில் 8.8 என்று பொறித்த மெட்ரிக் போல்ட் ஒன்று தெரிந்தாலே தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், இந்த வண்டியின் மரை யூஎன்எஃப் என்ற அங்குல அளவு வகை.

ஏமாற்றமும் உண்டு. புதிதாகச் செய்து விற்கும் ரப்பர் பாகங்கள்தான் இந்த வண்டியின் பெரிய தலைவலி. கதவைச் சுற்றி வரும் ரப்பர் பீடிங் தடிமனாக வந்தது, அறைந்து சாத்த வேண்டியிருந்தது, மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் சரியானது கிடைத்தது. சஸ்பென்ஷன் புஷ் சில சீக்கிரமே வெடித்தன. மலிவு பம்பர் ஒன்றில் குரோம் புள்ளி புள்ளியாகக் கொப்பளித்தது. அதை ஒதுக்கிவிட்டு வளைந்திருந்த பழைய பம்பரையே நிமிர்த்தி, செம்பும் நிக்கலும் ஏற்றி அதன் மேல் குரோம் பூசச் சொன்னேன். செலவு கூடுதல், ஆனால் இன்றும் அப்படியே நிற்கிறது. வாய்ப்பிருந்தால் எப்போதும் ஒரிஜினல் உலோகத்தையே புதுப்பியுங்கள்.

ஓட்டுவது எப்படி? முன் டிஸ்க் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் எண்ணெய்ச் சுற்று என்பதால் ஹோஸையும் சிலிண்டரையும் தவறாமல் சோதிப்பேன். லீவர் டேம்பரை (பழைய வகை ஷாக் அப்சார்பர்) பழுதுபார்த்து அதையே வைத்திருக்கிறேன், எண்ணெய் மட்டம் குறைந்தால் வண்டி மிதக்கும். நெரிசலில் நீண்ட நேரம் நின்றால் வெப்ப முள் ஏறும். பழைய ரேடியேட்டரின் கூட்டுக்குள்ளேயே தடித்த கோர் வைத்ததில் அது பாதி தீர்ந்தது. மீதிக்கு மின்விசிறி வைக்கச் சொல்கிறார்கள், கிரில் வழியாக வெளியே தெரியாத இடம் கிடைக்கும்வரை வைக்கப்போவதில்லை.